ஃபுல் பேக்கின் வேலை: மேத்யூ ஸ்கார்லெட்டின் ஆட்டம்

ஆஸ்திரேலியக் கால்பந்தில் கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாட்டக்காரரான ஃபுல் பேக் எதைக் காவல் காக்கிறார் என்று தெரிந்துகொண்டால் மேத்யூ ஸ்கார்லெட்டின் ஆட்டம் பாதி புரிந்துவிடும்.

இந்த ஆட்டம் நீள்வட்ட மைதானத்தில் ஆடப்படுவது. ஒரு அணிக்கு 18 பேர், ஆஃப்சைடு கிடையாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள், ஒன்றுக்கொன்று 6.4 மீட்டர் இடைவெளி. உதைத்த பந்து நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே யார் கையும் படாமல் போனால் கோல், 6 புள்ளி. உயரக் கம்பத்தில் பட்டாலோ, ஓரத்துக் கம்பத்துக்கு உட்புறமாகப் போனாலோ, வழியில் எவருடைய விரல் நுனியாவது பட்டாலோ அது 'பிஹைண்ட்', 1 புள்ளிதான். ஃபுல் பேக்கின் பிழைப்பே இந்த ஐந்து புள்ளி வித்தியாசத்தில்தான் இருக்கிறது. எதிரணியின் தலைசிறந்த கோல் அடிப்பவரான ஃபுல் ஃபார்வர்ட் அவருடைய பொறுப்பு.

ஸ்கார்லெட் ஜீலாங் அணியின் 30-ஆம் எண். அவருடைய தந்தை ஜான் ஸ்கார்லெட்டும் அதே அணியின் தடுப்பாட்டக்காரர். அதனால் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1997 'டிராஃப்ட்'டில் 'தந்தை-மகன்' விதிப்படி ஜீலாங் அவரை எடுத்துக்கொண்டது. 1998 முதல் 2012 வரை ஒரே அணிக்காக 284 ஆட்டங்கள், மூன்று கோப்பைகள் (2007, 2009, 2011). ஆண்டின் சிறந்த அணியான 'ஆல்-ஆஸ்திரேலியன்' அணியில் ஆறு முறை இடம். 2003-இல் ஜீலாங்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான கார்ஜி கிரீவ்ஸ் பதக்கமும் அவருக்கே. கோல் அடிக்காத ஒருவருக்கு அணியே அந்தப் பதக்கத்தைத் தருவது சின்ன விஷயம் அல்ல.

இனி தொழிலுக்கு வருவோம். 15 மீட்டருக்குக் குறையாமல் பறந்து வரும் உதையைச் சுத்தமாகப் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம். ஃபுல் ஃபார்வர்ட் 30 மீட்டர் தூரத்தில் ஒரு மார்க் பிடித்துவிட்டால் பெரும்பாலும் கோல்தான். அதைக் கெடுக்கும் குத்துக்கு 'ஸ்பாய்ல்' என்று பெயர். மூடிய முஷ்டியால் பந்தின் ஊடாகக் குத்த வேண்டும். பந்தின் மேல் தட்டினால் அது எதிராளியின் மடியிலேயே விழும். குத்தும் திசை அதைவிட முக்கியம்: எல்லைக் கோட்டுப் பக்கம் போக வேண்டும். நேர் முன்னால் விழுந்தால், சிதறும் பந்துக்காகவே காத்திருக்கும் குட்டை ஃபார்வர்டுகளுக்கு விருந்து வைத்தது போல. சீக்கிரம் குதித்தால் கை காற்றில் வீசும். தாமதித்தால் எதிராளியின் கையில் அடி விழும். அது ஃப்ரீ கிக், அதுவும் கோலுக்கு முன்னாலேயே.

நிற்கும் இடமும் அப்படித்தான். ஃபார்வர்டுக்குப் பின்னால் நின்றால் அவர் முன்னோக்கி ஓடி வாங்கும் பந்தில் முதல் இரண்டு எட்டு நஷ்டம். முன்னால் நின்றால் தலைக்கு மேல் போகும் ஒரு நீண்ட உதை போதும், பின்னால் காலி மைதானம். அரை உடம்பு பக்கவாட்டில், கோலுக்கும் அவருக்கும் இடையே ஒரு தோள் இருக்கும்படி நின்றுகொண்டு, பந்து உதைப்பவரின் காலை விட்டுக் கிளம்பும் கணத்தில் முடிவு எடுப்பதுதான் வழி. ஸ்கார்லெட்டின் பலம் அந்த முடிவின் வேகத்தில் இருந்தது. குத்தலாம் என்று மற்றவர்கள் நினைக்கும் பந்தை அவர் தானே பிடித்துவிடுவார்.

2007-இல் இன்னொரு நெருக்கடி வந்தது. மார்க் பிடிக்கும் போட்டியில் எதிராளியின் முதுகில் கை வைத்தாலே, தள்ளாவிட்டாலும், ஃப்ரீ கிக் என்று நடுவர்கள் கண்டிப்பு காட்டத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து உள்ளங்கையால் ஆளை நிதானித்துப் பழகிய தடுப்பாட்டக்காரர்கள் பலர் திணறினார்கள். மார்பையும் இடுப்பையும் முன்கையையும் வைத்தே இடம் பிடிக்க வேண்டிய நிலை. அந்த ஆண்டுதான் ஜீலாங் இறுதி ஆட்டத்தில் போர்ட் அடிலெய்டை 163-44 என்று நொறுக்கியது. ஸ்கார்லெட் அந்த ஆண்டின் ஆல்-ஆஸ்திரேலியன் அணியிலும் இருந்தார்.

தடுப்பதோடு நின்றிருந்தால் அவர் நல்ல ஃபுல் பேக், அவ்வளவுதான். பந்து கையில் வந்ததும் ஓடத் தொடங்குவதுதான் அவரைத் தனியாக நிறுத்தியது. பழைய ஃபுல் பேக்குகள் ஆபத்தை விலக்க எல்லைப் பக்கமாக நீளமாக உதைத்துத் தள்ளுவார்கள். ஸ்கார்லெட், ஹார்லி, என்ரைட், மில்பர்ன், மெக்கி இருந்த ஜீலாங் பின்வரிசை, ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்திக் கொடுக்கும் ஹேண்ட்பால்களின் சங்கிலியாக நடுமைதானத்தின் ஊடாகவே வெளியே வந்தது. இதில் ஆபத்து உண்டு: நடுவில் பந்தைத் தொலைத்தால் உங்கள் ஆட்கள் எல்லாரும் மேலே ஓடியிருப்பார்கள், பின்னால் காவல் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஃபுல் பேக் ஓடினால் ஃபுல் ஃபார்வர்டும் துரத்த வேண்டும். துரத்தவில்லை என்றால் ஜீலாங்குக்கு ஒரு ஆள் கூடுதல். துரத்தினால் அவருடைய கால் ஓய்ந்துபோகும். கோல் அடிப்பவரைக் கோலிலிருந்து 80 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவதைவிட நல்ல தடுப்பு எது?

2008 இறுதி ஆட்டம் ஜீலாங்குக்குக் கசப்பு. அதில் ஹாதார்ன் தடுப்பாட்டக்காரர்கள் நெருக்கடி வந்தபோதெல்லாம் பந்தைத் தங்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் 11 பிஹைண்ட் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு புள்ளி கொடுத்தால் பந்து மீண்டும் தங்கள் கைக்கே வரும், மூச்சு விட நேரமும் கிடைக்கும் என்ற கணக்கு. ஹாதார்ன் 115-89 என்று வென்றது. 2009 முதல் வேண்டுமென்றே அப்படிச் செய்தால் ஃப்ரீ கிக் என்று விதி மாறியது. எதிராளியின் நெருக்கடியில் இருந்தால் மட்டுமே விலக்கு.

அந்த 2009-இலேயே செயின்ட் கில்டாவுடன் இறுதி ஆட்டம், நாம் கிரிக்கெட்டில் பார்த்துப் பழகிய அதே மெல்பர்ன் எம்.சி.ஜி. மைதானத்தில். நான்காம் கால்பகுதியின் கடைசி நிமிடங்கள், புள்ளிகள் சமம். மைதானத்தின் நடுவே பந்து தரையில் கிடக்க, அதை நோக்கி ஸ்கார்லெட் ஓடி வருகிறார், எதிராளியும் வருகிறார். பாடப்படி குனிந்து எடுக்க வேண்டும். குனிந்தால் எடுத்த நொடியே பிடிபடுவார். பந்தை விடாமல் வைத்திருந்த குற்றத்துக்கு ஃப்ரீ கிக் போகவும் கூடும். தரைப் பந்தைக் காலால் தட்டுவதைப் பயிற்சியாளர்கள் பொதுவாக விரும்புவதில்லை. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அவர் குனியவில்லை. ஓடிய வேகத்திலேயே பூட்ஸ் முனையால் ஒரு தட்டு. பந்து அணித் தோழர் கேரி ஆப்லெட்டுக்குப் போனது. ஆப்லெட் முன்னே நீளமாக உதைக்க, அங்கே வார்கோ எடுத்து பால் சாப்மனிடம் கொடுக்க, சாப்மன் கோல் அடித்தார். ஜீலாங் 80, செயின்ட் கில்டா 68.

ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் சாப்மனின் உதையை விட்டுவிட்டு அதற்குச் சில நொடிகள் முன்னால் போய்ப் பாருங்கள். கோலைக் காக்க வேண்டிய 30-ஆம் எண், மைதானத்தின் நட்டநடுவில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார்.