தொண்ணூறு டாலரும் இடப்பக்க இருக்கையும்

20 ஜூன் 2022

பீட்மான்ட், என்வாய் இரண்டும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள்; பெரிய நிறுவனத்துக்காகச் சின்ன விமானங்களை ஓட்டும் ‘ரீஜனல்’கள். இரண்டிலும் இந்த மாதம் விமானிகளின் சம்பளம் எகிறிவிட்டது. புதிதாகச் சேரும் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு, அதாவது வலப்பக்கம் உட்காரும் துணை விமானிக்கு, மணிக்கு 90 டாலர். பீட்மான்டில் இடப்பக்கம் உட்காரும் முதலாண்டு கேப்டனுக்கு 146. போன மாதம்வரை புதியவருக்கு 50 டாலர் வாக்கில்தான் கிடைத்தது.

அந்த 90-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்படை 60 வாக்கில்தான். அதன்மேல் 50 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள். அது 2024 ஆகஸ்ட் வரைக்குமான தற்காலிக ஏற்பாடு.

மணிக்கு இவ்வளவு என்றதும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று பெருக்குகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. கேட்டிலிருந்து விமானம் நகர்ந்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும்வரைதான் காசு. மாதம் 75 மணி உத்தரவாதம் என்று வைத்தால், 50 டாலருக்கு ஆண்டுக்கு 45,000. 90 டாலருக்கு 81,000.

25 ஜூன் 2022

ரேட்டைவிட முக்கியமானது ‘ரிக்’ விதி: வீட்டைவிட்டு வெளியே இருந்த நேரத்தை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை உறுதிசெய்வது. நான்கு நாள் டிரிப்பில் ஒரு விமானி வீட்டைவிட்டு வெளியே இருப்பது 80 மணி நேரம், பறந்தது 16 மணி என்று கொள்வோம். வெளியே இருந்த நான்கு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரச் சம்பளம் என்று ரிக் இருந்தால் 20 மணி நேரத்துக்குச் சம்பளம் வரும். இல்லாவிட்டால் 16-தான். இடையில் ஏதோ ஒரு கேட்டில் மூன்று மணி நேரம் காத்துக்கிடந்ததெல்லாம் தர்ம சேவை.

இந்த ஜூன் உயர்வு முழு ஒப்பந்தத்தைத் திறந்து பேசி வந்ததல்ல, இடையில் ஒட்டிய துணை ஒப்பந்தம். அதனால் பணம் சீக்கிரம் வந்தது, ரோஸ்டர் (பணி அட்டவணை) விதிகள் பழையபடியே கிடக்கின்றன. முழுதாகத் திறந்தால், விமான நிறுவனங்களுக்கும் பொருந்துகிற ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் பாதையில் போக வேண்டும். அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் காலாவதி ஆகாது, ‘திருத்தத்தக்கது’ ஆகும், அவ்வளவுதான். நோட்டீஸ், பேச்சு, அரசு மத்தியஸ்தர். அவர் கைவிரித்த பிறகு 30 நாள் ஆறப்போடும் காலம். அதற்கப்புறம்தான் ஸ்டிரைக். வருஷக்கணக்கில் இழுக்கும். 2001-ல் காம்ஏர் என்ற ரீஜனலின் விமானிகள் அந்த எல்லைவரை போய் 89 நாள் ஸ்டிரைக் செய்தார்கள்.

24 செப்டம்பர் 2022

ரிபப்ளிக் என்ற ரீஜனல் கேட்ட விலக்கை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ மறுத்துவிட்டது. தன் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களை 750 மணி நேரம் பறந்ததுமே வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது நிறுவனம். பொது விதி 1,500. விமானப் பட்டப்படிப்பு முடித்தவருக்கு 1,000, ராணுவ விமானிக்கு 750.

இந்த விதிக்கு வித்து 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த, கோல்கன் ஏர் என்ற ரீஜனலின் 3407-ஆம் விமானம். ஐம்பது பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணியைத் தாண்டியவர்கள் என்பதை நிறுவனங்கள் ஓயாமல் நினைவூட்டும். அதே விசாரணையில்தான் ரீஜனல் விமானிகளின் சம்பளமும் களைப்பும் வெளிச்சத்துக்கு வந்தன. அதை யாரும் நினைவூட்டமாட்டார்கள்.

15 ஜனவரி 2023

ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் வருகிறார்கள். 90 டாலர் வேலை செய்கிறது. இப்போது பஞ்சம் கேப்டனுக்கு.

ஏர்லைனில் இடப்பக்கம் உட்கார வேண்டுமானால் வலப்பக்கத்தில், ஏர்லைன் பணியிலேயே 1,000 மணி பறந்திருக்க வேண்டும். மாதம் 75 மணி கிடைத்தால் 13, 14 மாதத்தில் முடியும். ரிசர்வில், அதாவது கூப்பிட்டால் மட்டும் பறக்கும் காத்திருப்பில், உட்காரவைத்து 40 மணிதான் கொடுத்தால் 25 மாதம். கேப்டன் இல்லாததால் விமானங்களைக் குறைக்கிறார்கள். விமானம் குறைந்தால் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணி சேராது. மணி சேராவிட்டால் அடுத்த கேப்டன் எங்கிருந்து வருவார்? சேரும்போது கொடுக்கும் போனஸ் இந்த முடிச்சை இன்னும் இறுக்கும் என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பணம் போக வேண்டியது இடப்பக்கத்துக்கு.

5 மார்ச் 2023

பெரிய நிறுவனமான டெல்டாவில் விமானிகளின் புதிய ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது: நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு. ரீஜனல் கேப்டன்கள் இனி அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள்.

ஈடுகொடுக்க முடியுமா? டிக்கெட் விற்பதும் எரிபொருள் செலவை ஏற்பதும் பெரிய நிறுவனம். ரீஜனலுக்கு வருவது பேசிவைத்த கட்டணம் மட்டும். சம்பளம் ஏறினால், அந்தக் கட்டணத்தை மறுபடி பேசாதவரை சொந்த லாபத்தில்தான் கைவைக்க வேண்டும். பெரிய விமானம் ஓட்டிச் சமாளிக்கவும் வழியில்லை. பெரிய நிறுவன விமானிகளின் ஒப்பந்தமே, ரீஜனல் ஓட்டும் விமானத்துக்கு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்று வேலி போட்டிருக்கிறது.

கேப்டனின் 146-ம் ஃபர்ஸ்ட் ஆபீசரின் 90-ம் சேர்ந்து மணிக்கு 236 டாலர். 76 இருக்கையில் பகிர்ந்தால் இருக்கைக்கு 3.10, ஐம்பது இருக்கை ஜெட்டான சிஆர்ஜே-200-இல் 4.72. சின்ன ஊர்கள் முதலில் அடிபடுவது இதனால்தான். போன ஆண்டு மார்ச்சில், விமானி இல்லை என்று சொல்லி 29 சிற்றூர்ச் சேவைகளைக் கைவிட ஸ்கைவெஸ்ட் என்ற ரீஜனல் நோட்டீஸ் கொடுத்தது. மாற்று கிடைக்கும்வரை பறந்தே ஆக வேண்டும் என்று போக்குவரத்துத் துறை பிடித்து நிறுத்தியது.

2 ஏப்ரல் 2023

விலகுகிறவர்களில் பயிற்சி கேப்டன்கள் இருந்தால் இழப்பு இரட்டிப்பு. கேப்டனாகப் பதவி உயர்ந்தவர் சிமுலேட்டரை முடித்தாலும் உடனே தனிப் பொறுப்பில் விடமாட்டார்கள். ஜெட்டில் பயணிகளோடு வழக்கமாக 25 மணி நேரம் பயிற்சி கேப்டனைப் பக்கத்தில் வைத்துப் பறக்க வேண்டும். அந்தப் பயிற்சி கேப்டன் அனுபவசாலி; பெரிய நிறுவனம் முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான். அவர் போய்விட்டால், சிமுலேட்டர் முடித்த ஐந்தாறு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் வரிசைக்குக் காத்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் பயிற்சி கேப்டனுக்கான கூடுதல் தொகை கடைசிப் பக்கங்களில் ஒற்றை வரியாகத்தான் இருக்கும். அடுத்த துணை ஒப்பந்தம் வந்தால் முதலில் அந்த வரியைத் தேட வேண்டும்.