எண்ணெய் ஒழுகும் விமானம்

இன்று இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமான அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஒரு ஸ்பிட்ஃபயரைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மூக்குக்கு அடியில் ஒரு தகரத் தட்டு. சொட்டுச் சொட்டாக அதில் எண்ணெய் விழுந்துகொண்டிருக்கிறது.

27 லிட்டர், 12 சிலிண்டர் மெர்லின் இன்ஜின். ஒழுகவில்லை என்றால்தான் பயப்படணும், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார்.

பணம் இருந்தால் இப்படி ஒன்றை வாங்கிவிடலாம், சரி. அப்புறம் வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. அதனால்தான் சிலர் பின்னிருக்கை உள்ள ஸ்பிட்ஃபயரில் காசுக்கு ஆளேற்றிப் பறக்கிறார்கள். (எனக்கும் ஆசைதான். விலையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.)

எம்எல்407 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயர் நினைவுக்கு வந்தது. 1944 ஜூன் 6, பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய நாளில் சண்டையிட்ட விமானம். நிக் கிரேஸ் 1979-இல் அதை வாங்கி, வருடக்கணக்கில் உழைத்து 1985-இல் பறக்கவைத்தார். 1988-இல் கார் விபத்தில் இறந்துபோனார். கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள், யாராக இருந்தாலும் விற்றிருப்பார்கள்.

மனைவி கேரோலின் விற்கவில்லை. தானே அதை ஓட்டக் கற்றுக்கொண்டு பல வருடம் விமானக் கண்காட்சிகளில் பறந்தார்.

இதையெல்லாம் அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்தால் பத்திரமாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கும்தான், ஆனால் அந்த மெர்லின் உறுமலைக் கேட்க எங்கே போவது?