ஒரு சிறுகதையைப் போட்டிக்கு அனுப்பி முடித்த கதை

முடிவுகள் வெளியாகிவிட்டதால் இதை இனி எழுதலாம். நடுவர்களுக்கு எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக, முடிவு வரும் வரை கதையைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதையே பல போட்டிகள் தடைசெய்கின்றன. ஆர்வக்கோளாறில் முகநூலில் இரண்டு பத்தி போட்டுவிட்டுத் தகுதியிழந்தவர்கள் உண்டு. நான் அந்த ஆபத்திலேயே இல்லை. கதையை அனுப்பும் நிலைக்கு வருவதற்குள்ளாகவே, இதை யாருக்கும் காட்டவே கூடாது என்ற முடிவுக்குப் பலமுறை போய்த் திரும்பியிருந்தேன்.

விதிகள் வழக்கமானவைதாம்: 1500 சொற்களுக்கு மிகாமல், ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்து, கதைப் பக்கத்தில் பெயர் இல்லாமல், சொந்தக் கற்பனை என்ற உறுதிமொழியோடு. கதை எங்கள் முக்கூடல் பக்கத்தைச் சேர்ந்தது. ஓர் ஆச்சி, நாளெல்லாம் சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாகக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கணக்கர் பாதியைக் கழிவென்று ஒதுக்கிவைக்கிறார். ஆச்சி வீடு திரும்புகிறாள். அவ்வளவுதான். முதல் வரைவு பெரிய சிரமமில்லாமல் வந்துவிட்டது.

சிரமம் அதற்குப் பிறகு, கட்டணம் கட்டிப் போன ஒரு நாள் பயிலரங்கில் ஆரம்பித்தது. பாடம் எடுத்தவர் என் கதையின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். வட்டார வழக்கில் எழுதினால் நடுவர்கள் படிக்க மாட்டார்கள் என்றும், பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள் என்றும், வேறு கரு பார்ப்பது நல்லது என்றும் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்தவரின் தாளை வாங்கிக்கொண்டார். கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சையே கதைமொழியாக்கி, அந்த வழக்குக்கு ஒரு சொல்லகராதியும் தொகுத்து, 1991-இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கி இத்தனை காலமான பிறகு, ஒருவர் மேடையில் நின்று இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இப்போது எரிச்சலாக இருக்கிறது. அன்றைக்கோ, கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்பவர் தெரிந்துதான் சொல்லுவார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்ததும் ஆச்சியின் பேச்சை முழுக்கப் பொதுத்தமிழுக்கு மாற்றினேன். "நாள் பூரா முதுகொடியச் சுத்துனத இப்படிக் கழிச்சுப்போட்டா எப்படி அண்ணாச்சி?" என்ற வரி, "நாள் முழுவதும் சிரமப்பட்டுச் சுற்றியதை இவ்வாறு கழித்தால் எப்படி ஐயா?" என்று ஆனது. படித்துப் பார்த்தால் ஆச்சி வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். கதை செத்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது; ஆனால் அதை மாற்றத்தின் குறையாகப் பார்க்காமல், எனக்கு எழுத வராது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட பயிலரங்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முழுக்கதையையும் படிக்காத ஒருவர் சொல்லும் அபிப்பிராயத்தை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

அடுத்து வந்த சந்தேகம் இன்னும் தந்திரமானது. அது உழைப்பின் வேடத்தில் வந்தது. பீடித் தொழிலைப் பற்றி எனக்கு முழுமையாகத் தெரியுமா என்று தொடங்கி, 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைப் படித்தேன். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பறிக்கும் இலை எப்படி நம் ஊர்த் திண்ணைக்கு வந்து சேர்கிறது என்று தேடினேன். குறிப்பேடு நிறைந்தது, கதை ஒரு வரிகூட நகரவில்லை. இலையை நனைத்துவைத்து, தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி, 25 பீடியை ஒரு கட்டாகக் கட்டுவதைச் சிறுவயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு இன்னும் என்ன தகுதிச்சான்று வேண்டும் என்று என்னை யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. சுளகை மடியில் வைத்துக்கொண்டு கண் பார்க்காமலே விரல் சுருட்டும் வேகம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

படிக்கக் கொடுப்பதிலும் ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்துத் தோழி "சூப்பரா இருக்கு" என்றாள். என் சந்தேகம் ஓர் அங்குலமும் குறையவில்லை. இலக்கியம் படிக்கும் நண்பர் ஒருவர் "இது சம்பவம், கதை ஆகவில்லை" என்றார். எங்கே ஆகவில்லை என்று கேட்டதற்கு, அதை உணரத்தான் வேண்டும் என்று பதில் வந்தது. பாராட்டும் கண்டனமும் ஒரே அளவுக்குப் பயனற்றவை என்று அப்போது கசப்போடு புரிந்தது.

கடைசியில் சித்திக்குப் படித்துக் காட்டினேன், பழைய வழக்கிலிருந்த முதல் வரைவை. நாற்பது வயதுவரை பீடி சுற்றியவள். பாதிவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள், ஆச்சி கடைப்படி இறங்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"ஏட்டி, அவ ஏன் பேசாம வந்தா? ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்படியேவா வருவா?"

"வயசான பொம்பள, பயமா இருக்காதா சித்தி?"

"பயமா? பாஸ்புக்கு அவ பேர்ல இருந்தா நல்லாச் சண்ட போட்டிருப்பா. அடுத்தவ பாஸ்புக்குல சுத்துதவதான் வாயத் தொறக்க மாட்டா."

பாஸ்புக்கு என்றால் வங்கிப் புத்தகமன்று, சுற்றுகிறவளின் பெயரில் பீடிக் கடை தரும் கணக்குப் புத்தகம். வருங்கால வைப்புநிதியும் போனஸும் அந்தப் புத்தகத்தை நம்பித்தான் இருக்கின்றன. தன் பெயரில் அது இல்லாதவர்கள் இன்னொருத்தியின் பெயரில் சுற்றிக் கொடுத்துக் கூலியை மட்டும் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்தில் சாதாரணம். கேள்வி கேட்டால், போவது அவளுடைய வேலை மட்டுமன்று, புத்தகம் தந்தவளுடைய வேலையும்தான். சித்தி சொன்ன அந்த ஒரு வரியால் ஆச்சியின் மௌனத்துக்குக் காரணம் கிடைத்தது, கூடவே புத்தகம் தந்த பக்கத்து வீட்டுக்காரியும் கதைக்குள் வந்துவிட்டாள்.

அன்றிரவு ஒரு தாளை எடுத்து, மனத்தில் ஓடிய சந்தேகங்களையெல்லாம் வரிசையாக எழுதினேன். "கதை நன்றாக இருக்கிறதா", "எனக்கு எழுத வருமா" போன்றவற்றுக்கு எதிரே எழுத ஒன்றுமில்லை, அவற்றை அடித்துவிட்டேன். "கணக்கர் எத்தனை கட்டை ஒதுக்குகிறார்", "ஆச்சி வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்கிறாள்", "பக்கத்து வீட்டுக்காரிக்கு எப்போது தெரிகிறது" என்பவற்றுக்குப் பதில் எழுத முடிந்தது. பதில் கிடைத்த ஒவ்வொன்றும் கதையில் ஒரு வரியாகவோ ஒரு பத்தியாகவோ மாறியது. இதனால் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதற்கு வேலை கொடுக்க முடிந்தது. எனக்குப் பலித்த ஒரே உபாயம் இதுதான்.

புதிய பாத்திரம் வந்ததும் 1500 தாண்டிவிட்டது. தமிழில் சொல்லெண்ணிக்கை இடைவெளியைப் பொறுத்தது. "சுற்றிக் கொண்டிருந்தாள்" என்றால் இரண்டு, "சுற்றிக்கொண்டிருந்தாள்" என்றால் ஒன்று. துணைவினையைச் சேர்த்தெழுதுவது முறையானதும்கூட, ஆகவே அதில் கொஞ்சம் இடம் கிடைத்தது. மீதிக்கு, தேடித் தேடிச் சேர்த்த சட்டத் தகவல்களை வெட்டினேன், வலிக்கவே இல்லை.

இனி டி.டி.பி. கடைப் படலம். கையெழுத்துப் படியைக் கொடுத்து, ஒருங்குறியில் வேண்டும் என்று சொல்லி, முன்பணமும் கட்டினேன். வந்த கோப்பை என் கைப்பேசியில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துகள், மெய்யெழுத்து வரவேண்டிய இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி (;). ஒருங்குறிக்குப் பதிலாக, அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும் பாமினியில் அடித்திருந்தார்கள். "இங்க எங்க சிஸ்டத்துல நல்லாத்தான தெரியுது" என்றார் கடைக்காரர். மாற்றித் தருவதற்குத் தனிக் கட்டணமாம். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்ததில், ஆங்கிலத்தில் இருந்த என் மின்னஞ்சல் முகவரியும் ஏதோ தமிழாகி உருக்குலைந்திருந்தது. அதையும் பொறுத்திருப்பேன், தட்டச்சர் தாமாகவே "சுத்துனத" என்பதை "சுற்றியதை" என்றும், "அண்ணாச்சி"யை "அண்ணா" என்றும் திருத்தியிருந்ததுதான் தாங்கவில்லை. பயிலரங்கு ஆசிரியர் மறுபடி வந்துவிட்டதுபோல இருந்தாலும், இந்த முறை தலையாட்டவில்லை. கோப்பை அங்கேயே விட்டுவிட்டு, கைப்பேசியில் நானே கூகுள் டாக்ஸில் அடித்தேன். ஆச்சியின் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்ததில், பொய்யாக ஒலித்த இரண்டு வரிகள் தாமாகவே உதிர்ந்தன. போட்டிக்கு அனுப்புமுன் கோப்பை வேறொருவரின் கருவியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கெடு நாளில் இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இடையில் வேறொரு போட்டிக்காரர்கள் அழைத்தார்கள். கதையைப் பார்க்காமலே தொகுப்பில் இடம் உறுதி என்றும், எழுத்தாளர் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டால் போதும் என்றும், பதிப்புரிமை அவர்களுக்கு என்றும் சொன்னார்கள். தன் எழுத்தின்மேல் நம்பிக்கையற்று இருப்பவரைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். நானும் கிட்டத்தட்ட மயங்கினேன். பதிப்புரிமையை மாற்றித்தர எழுத்துப்பூர்வமான, நாம் கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. காலவரை குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஆகவே எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படிக்காமல் போடாதீர்கள்.

அனுப்புவதற்கான பொத்தானை அழுத்தும்போது வயிறு கலங்கியது உண்மை. அழுத்திவிட்டுச் சித்திக்குப் போன் செய்தேன், "பரிசு எம்புட்டு?" என்று கேட்டாள். முதற்சுற்றைத் தாண்டிய கதைகளின் பட்டியலில் என் கதையின் பெயர் இருந்தது, பரிசுப் பட்டியலில் இல்லை. கதை இப்போது ஒரு பத்திரிகையின் பரிசீலனையில் இருக்கிறது, அண்ணாச்சி அண்ணாச்சியாகவே. டி.டி.பி. கடையில் கொடுத்த முன்பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.