முதலில் பலூன், அப்புறம் படம்

கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து கார்ட்டூன் போடுகிறேன் என்றால் பாலக்காட்டில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 1948-ல் டில்லியில் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்ற கார்ட்டூன் வார இதழைத் தொடங்கிய சங்கர், கேரளத்துக் காயங்குளத்துக்காரர். அதில் வரைந்த ஓ.வி. விஜயன் எங்கள் ஜில்லா. தமிழில் கிராஃபிக் நாவல், அதாவது ஒரு நாவலையே படக்கதையாக வரையப் போகிறேன் என்றதும்தான் பெரியம்மா, “அதைய ஆரு கண்ணு வாங்குவாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பத்திரிகைக் கார்ட்டூன் அன்றன்றைக்கே கணக்குத் தீர்கிற வேலை. நாவலுக்கு அந்த வேகம் உதவவில்லை. கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் கிறுக்கிப் பார்த்தேன். திடுக்கிடும் காட்சி இடதுபக்கத்தில் விழ வேண்டும். தாளைத் திருப்பினால்தான் கண்ணில் படும்.

என்னைப் படுத்தி எடுத்தது வசனம்தான். ‘சொல்லிக்கொண்டிருந்தார்களாம்’ என்ற ஒன்றே வசனம் வைக்கிற சின்ன பலூனை அடைத்துக்கொள்ளும். உடைத்துப் போட்டால் பார்க்கச் சகிக்காது. அதனால் வசனத்தை எழுதி, பலூனை வைத்து, மிச்ச இடத்தில்தான் ஆட்களை நிறுத்தினேன். படம் பெரிதா எழுத்து பெரிதா என்று ஓவியர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். கம்ப்யூட்டரில் யூனிகோட் தமிழ் எழுத்தை ஒட்டினால் சில பழைய மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும் என்றார்கள், ஆனது. ஆனாலும் அச்சு எழுத்து என் கோட்டோடு ஒட்டவில்லை. கடைசியில் வசனம் முழுவதையும் தனித்தாளில் கையாலேயே எழுதி, ஸ்கேன் செய்து, படத்துக்கு மேல் தனி அடுக்காக, அதாவது லேயராக, வைத்தேன்.

கலரில் அச்சடிக்க நாலு அச்சுப் பிளேட் வேண்டும், கறுப்புக்கு ஒன்று போதும். அதோடு கலர் ஆசை தீர்ந்தது. கோட்டுப் படங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, சாம்பல் நிறமே இல்லாமல் சுத்தக் கறுப்பாக்கினால்தான் ஓரம் பிசிறாது. பக்கக் கணக்கு 16-ன் மடங்கில் நிற்க வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னதால் ஒரு கிளைக்கதை போயிற்று. அது போனது நல்லதுதான்.

ஒரு பதிப்பகம் அச்சுச் செலவை என் தலையில் கட்டப் பார்த்தது. இன்னொன்று வாசகர்களிடம் முன்பதிவு வாங்கிப் புத்தகத்தை வெளியிட்டது. அட்வான்ஸ் சொற்பம், இன்றும் வீட்டு வாடகையைக் கட்டுவது தினக் கார்ட்டூன்தான். ஒப்பந்தத்தில் அசல் ஓவியங்களும் பிறமொழி உரிமையும் என்னிடமே இருக்கும் என்று எழுதி வாங்கினேன். இப்போது திருச்சூரிலிருந்து மலையாளப் பதிப்புக்குக் கேட்கிறார்கள். எழுத்து லேயரை மட்டும் மாற்றினால் போதும், படத்தில் கை வைக்க வேண்டாம்.