க்ரூகர் காட்டுக்கு நான் போட்ட முதல் திட்டம் தேறவில்லை

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க முதல் திட்டத்தை எக்செலில் போட்டேன். ஆறு நாள், ஐந்து கேம்ப் (காட்டுக்குள் இருக்கும் தங்குமிட வளாகம்). தெற்கே பெர்க்-என்-டாலில் தொடங்கி வடக்கே பூண்டா மரியா வரை, ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு இடம். வண்ணமெல்லாம் அடித்து, ப்ரிட்டோரியாவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“டேய், இது என்ன நவக்கிரகக் கோயில் டூரா? காட்டுக்குள்ள தார் ரோட்டுலயே அம்பதுதான் லிமிட். மண் ரோட்டுல நாப்பது. அதுவும் மேக்ஸிமம். நீ இருபதுலதான் போவ.”

க்ரூகர் எவ்வளவு பெரியது என்று படித்திருந்தேன். மனதில் ஏறவில்லை, அவ்வளவுதான். நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், காடு என்றால் முதுமலைதான் அளவுகோல். முதுமலையின் உட்பகுதி 321 சதுர கிலோமீட்டர். க்ரூகர் ஏறத்தாழ 19,500. வடக்கு தெற்காக 360 கிலோமீட்டர், சென்னையிலிருந்து கிளம்பினால் திருச்சியைத் தாண்டிவிடும் தூரம். அதை மணிக்கு இருபதில் ஓட்டிப்பார்த்தால் என் எக்செல் நிலைமை புரியும்.

நண்பன் சொன்ன இன்னொரு விஷயம்தான் முக்கியம். கேம்ப்களுக்கு வேலி உண்டு, வாயில் உண்டு, பூட்டும் நேரம் உண்டு. ஆகஸ்டில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். ஜூன், ஜூலையில் மாலை 5.30. மாதத்துக்கு மாதம் மாறும். தாமதமாகப் போனால் அபராதம். ஆகவே கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு மணிக் கணக்குக்கு மாறினேன். ஐந்து கேம்ப் இரண்டாகச் சுருங்கியது: லோயர் சாபியில் மூன்று இரவு, சடாராவில் இரண்டு. வடபகுதியை முழுக்க விட்டுவிட்டோம். வருத்தமாகத்தான் இருந்தது.

ஏன் கென்யா இல்லை என்று வீட்டிலேயே கேட்டார்கள். அம்மாவுக்கு 68 வயது. அங்கே போய் இந்தியா திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அது உயிருள்ள கிருமியை வீரியம் குறைத்துச் செய்த ஊசி என்பதால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு யோசித்துத்தான் போடுவார்கள். எங்கள் டாக்டர், “அவசியம் போகணுமா?” என்று ஒரு கேள்வி கேட்டார். அதிலேயே பதில் இருந்தது. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. ஆனால் வழியில் எங்கே விமானம் மாறுகிறோம் என்பதும் கணக்கில் வரும். மலிவாகக் கிடைத்த டிக்கெட் அடிஸ் அபாபாவில் ஓர் இரவு தங்கிப் போவது. எத்தியோப்பியா பட்டியலில் உள்ள நாடு. அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் நின்று போனால் தென்னாப்பிரிக்காவிலேயே சான்றிதழ் கேட்பார்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட்டு தோஹா வழியாக எடுத்தோம். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து அழுத்தியிருந்தால் விமான நிலையத்தில் முழித்திருப்போம்.

இன்னொரு காரணம், க்ரூகரில் நம் வண்டியை நாமே ஓட்டலாம். நம்மூர் போல இடதுபக்க ஓட்டம், நல்ல தார் ரோடு. வழிகாட்டியின் அவசரத்துக்கு அம்மா ஓட வேண்டாம்.

தங்குமிடங்களுக்குப் பதினோரு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. நான் ஆறு மாதம் இருக்கும்போது போய் நின்றேன். ஆகஸ்ட் என்பது அங்கே வறண்ட குளிர்காலம்; புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், கொசுவும் குறைவு. இது உலகத்துக்கே தெரிந்த சங்கதி என்பதால் ஆற்றைப் பார்த்த குடில்கள் எல்லாம் போயிருந்தன. தினமும் இரவு சாப்பிட்டபின் தளத்தைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. யாரோ ரத்து செய்வார்கள், ஓர் இரவு விழும். அப்படித்தான் லோயர் சாபியின் மூன்றாவது இரவு கிடைத்தது.

பதிவு செய்யும்போது குடிலின் விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். சிலவற்றில் அடுப்பு, பாத்திரம், தட்டு எல்லாம் இருக்கும். சிலவற்றில் ஃப்ரிட்ஜ் மட்டும். தங்கும் கட்டணம் போக, ஆளுக்கு இத்தனை என்று தினசரி வனப் பாதுகாப்புக் கட்டணம் தனி. வெளிநாட்டவருக்கு அது உள்ளூர்க்காரர்களைப் போல சுமார் நான்கு மடங்கு. நான்கு பேர், ஆறு நாள் என்று பெருக்கிப் பார்த்தபோது கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

விசாவில் கதை ஒன்றுமில்லை. சென்னைக்குப் போய் கைரேகை கொடுத்தோம். மகளுக்குப் பத்து வயது என்பதால், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைத் தயாராக வைத்திருந்தோம். மலேரியா மாத்திரையை டாக்டரைக் கேட்டே வாங்கினோம், குளிர்காலத்தில் ஆபத்து குறைவு என்றாலும்.

கதை இருந்தது வாடகைக் காரில். ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்தில், முன்பணம் கட்டிய ரசீதோடு கவுன்டரில் நின்றால், ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். ஓட்டுவது நான்; எங்களிடம் இருந்த கிரெடிட் கார்டு மனைவி பெயரில். என்னிடம் இருந்தது டெபிட் கார்டு. “கணவன் மனைவிதானே” என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. முக்கால் மணி நேரம் பேசியபின் ஒரு வழி பிறந்தது: மனைவியே முதன்மை ஓட்டுநர், நான் கூடுதல் ஓட்டுநர், அதற்குத் தனிக் கட்டணம். நல்லவேளை, கிளம்புமுன் ஆர்டிஓவில் இருவருமே சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தோம். “ஏங்க, அந்த ஃபார்மை நிரப்பும்போது என்னைத் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள். இருந்தது.

அன்றைக்கே காட்டுக்குள் போக முயலவில்லை. க்ரொகடைல் பிரிட்ஜ் வாயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேர ஓட்டம். மாலை ஆறுக்குள் தொட முடியாது. வழியில் நெல்ஸ்பிரூட்டில் தங்கினோம். இப்போது அதன் பெயர் ம்பொம்பேலா, ஆனால் பலர் வாயில் பழைய பெயர்தான். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, முட்டை, காய்கறி, ரொட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்கள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் சீல் பிரிக்காமல் ஊரிலிருந்தே வந்திருந்தன.

லோயர் சாபியில் ஃப்ரிட்ஜும் சமையல் மேடையும் வராந்தாவில், திறந்த வெளியில். ஃப்ரிட்ஜுக்கு ஒரு கம்பிக் கதவு, அதற்கு ஒரு கொக்கி. ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். பையை இறக்கிவைத்துவிட்டுக் குளிக்கப் போன ஐந்து நிமிடத்தில் ஒரு வெர்வெட் குரங்கு ரொட்டிப் பொட்டலத்தை முழுதாகத் தூக்கிக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருந்தது. பொட்டலத்தை ஓரமாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, நடுப்பகுதியை மட்டும் தின்று விளிம்பைக் கீழே போட்டது. “மருதமலைக் குரங்குக்கு ஒண்ணுவிட்ட தம்பி” என்றாள் அம்மா.

கேம்ப் வரவேற்பறையில் ஒரு பெரிய வரைபடப் பலகை இருக்கும். எந்த விலங்கை எங்கே பார்த்தார்கள் என்று வண்ணக் காந்தப் பொட்டு ஒட்டுவார்கள். முதல் நாள் அதை நம்பி சிங்கப் பொட்டுகளைத் துரத்தினேன். நேற்றைய சிங்கம் இன்றைக்கு அங்கே ஏன் இருக்கப்போகிறது? நான்கு மணி நேரம் ஓட்டிக் கண்டது இம்பாலா மான், இம்பாலா மான், மறுபடி இம்பாலா மான். மறுநாள் அம்மா, “எங்கயாவது ஒரு எடத்துல நிறுத்துடா” என்றாள். கேம்ப்புக்குப் பக்கத்திலேயே சன்செட் டாம் என்று ஒரு நீர்த்தேக்கம். வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். நீர்யானை ஒன்றின் முதுகில் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. அது மூழ்கினால் எல்லாம் சறுக்கி விழும்; அது எழுந்தால் மறுபடி ஏறும். பத்துப் பன்னிரண்டு தரம் நடந்தது. அம்மாவும் மகளும் அந்த ஆமைகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எதிர்க்கரையில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று முன்னங்காலை அகட்டித் தண்ணீர் குடித்ததை அன்றைக்கு இரண்டாம்பட்சமாகத்தான் பார்த்தோம்.

நான்காம் நாள் சடாராவுக்கு மாறினோம். 93 கிலோமீட்டர். காலை ஏழரைக்குக் கிளம்பினால் மதியம் போய்விடலாம் என்று கணக்கு. வழியில் ட்ஷோக்வானே என்று ஒரு சிற்றுண்டி இடம். அங்கேதான் வண்டியை விட்டு இறங்கலாம். கண்ட இடத்தில் கதவைத் திறக்கக் கூடாது, அதனால் கழிப்பறைக் கணக்கையும் திட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் பதினைந்து கார்கள் அடைத்து நின்றன. புதருக்குள் ஒரு சிங்கத்தின் வால். வாலைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போனது.

நாலே முக்காலுக்கு, சடாராவுக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்போது, யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. குட்டிகளோடு இருபதுக்குமேல். எல்லாம் போனபின் ஒரு கொம்பன் மட்டும் நடு ரோட்டில் நின்றான். கன்னத்தில் மதநீர் வழிந்து கறுப்பாகக் கோடு. காதை விரித்து எங்களைப் பார்த்தான்.

“இஞ்சினை நிறுத்தாதே. ஹாரன் அடிக்காதே. மெதுவா பின்னால எடு,” என்றாள் அம்மா, மசினகுடி ரோட்டில் கற்ற பாடம். பின்னால் எடுத்தேன். அவன் முன்னால் வந்தான். மறுபடி பின்னால். இப்படியே இருநூறு மீட்டர் ரிவர்ஸில் போயிருப்பேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மகள் மட்டும் மெல்லிய குரலில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அஞ்சு பத்து. அஞ்சு பதினஞ்சு.” கடைசியில் ஓரத்து மரத்தில் அவனுக்கு ஏதோ பிடித்துப்போனது. கிளையை ஒடித்தான், தின்றான், அப்படியே உள்ளே நடந்தான். நாங்கள் சடாரா வாயிலில் நுழைந்தபோது 5.52. காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சிரித்தார், சீட்டை வாங்கிக்கொண்டார்.

அதற்குப்பின் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: எங்கே இருந்தாலும் நான்கு மணிக்கு வண்டி கேம்ப்பைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். இருட்டியபின் பார்க்க ஆசை என்றால் பூங்காவின் வண்டியிலேயே இரவுச் சவாரி உண்டு. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஏற்றுவதில்லை. போர்வையும் குரங்குக் குல்லாவும் கட்டாயம், திறந்த வண்டியில் குளிர் எலும்பைப் பிடிக்கும். கழுதைப்புலிகளும் ஒரு புனுகுப்பூனையும் கண்டோம். சிங்கத்தை முழுசாகப் பார்த்தது மறுநாள் காலை எஸ் 100 என்ற மண் ரோட்டில், தேடாமல்.

கடைசி நாள் ஓர்பன் வாயில் வழியாக வெளியேறினோம். 48 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தேன், மூன்றரை ஆனது. வெளியே வந்தபின்னும் கால் ஐம்பதிலேயே இருந்திருக்கிறது போல. பின்னால் வந்த லாரிக்காரர் நீளமாக ஹாரன் அடித்ததும்தான் கியரை மாற்றினேன்.