நாயும் பூனையும் நாடு கடக்கும் முன்

நாயையோ பூனையையோ வேறு நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புவோர் பலர் முதலில் விமானச் சீட்டைத் தேடுகிறார்கள். நான் நாட்காட்டியைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். பெரும்பாலான விதிகளின் மையம் வெறிநோய்த் தடுப்பே என்பதால், எதை எந்த வரிசையில் செய்தோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. விலங்கை அடையாளம் காட்டும் பதினைந்து இலக்க எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்திய பின்னரே தடுப்பூசி போட வேண்டும்; முன்னதாகப் போட்ட ஊசியை ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் கொள்வதில்லை.

வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரும் விலங்குகளுக்கு, தடுப்பூசி போட்டு 30 நாட்களேனும் கழிந்தபின் இரத்தம் எடுத்து, தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையவில்லை என்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் சான்றளித்தாலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஜப்பானோ 180 நாட்கள் கேட்கிறது. கடுமைதான், ஆனால் நோய் உடலில் பல மாதங்கள் வெளித்தெரியாமல் தங்கக்கூடும் என்பதால் இதைக் குறைகூற எனக்கு மனமில்லை.

பிரிட்டனுக்குச் செல்லும் நாய்களுக்குப் பொதுவாக நாடாப்புழு மருந்தும் உண்டு. அதை நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் கால்நடை மருத்துவர் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். பூனைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பயணக் கூண்டு, விலங்கு இயல்பாக நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அந்தக் கூண்டுக்குள் உறங்கப் பல வாரங்களுக்கு முன்பே பழக்கிவிடுவது நல்லது.