கடை நடத்துபவரின் தொண்டு

சிறு நகரத்தில் வணிகம் செய்துகொண்டே பல்லாண்டுகள் பொதுப்பணியில் ஈடுபட்டவரைப் பாராட்டும்போது, அவருடைய தொழிலை ஒரு வரியில் கடந்துவிட்டுத் தொண்டை மட்டும் விரித்துரைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் எந்த வீட்டில் வருமானம் நின்றுவிட்டது, யார் உதவி கேட்கக் கூசுவார், யாரிடம் நன்கொடை கேட்டால் மறுக்கமாட்டார் என்பதையெல்லாம் அவருக்குக் கற்றுத்தருவது கடையின் கடன் நோட்டுதான்.

1905-இல் சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு தையல் தொழிலதிபர், ஒரு சுரங்கப் பொறியாளர் ஆகிய மூவருடன் தொடங்கிய ரோட்டரி சங்கமும் முதலில் தோழமையையும் தொழில் ஆதாயத்தையுமே நாடியது. நகருக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்ற முயற்சியில் அது இறங்கியது 1907-இல்தான். (மேடையும் மாலையும் கிடைக்காத அந்தப் பணியைத் தேர்ந்தெடுத்ததற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.) காப்பீட்டுத் தொழில் நடத்திய மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் 1917-இல் உருவான லயன்ஸ் சங்கம், 1925-இல் ஹெலன் கெல்லர் அதன் மாநாட்டில் நேரில் வேண்டுகோள் விடுத்த பின்னர் பார்வையற்றோருக்கான பணியைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது.

ஆதாயத்தில் தொடங்கியது என்பதற்காக ஒருவருடைய தொண்டைக் குறைத்து மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கூட்டங்களுக்குச் சென்ற மாலைகளில் கடையைப் பார்த்துக்கொண்ட மனைவியும் ஊழியர்களும் பாராட்டுரைகளில் இடம்பெறுவதில்லை என்பதே எனக்குள்ள குறை.